படகு கோணல் வழியில் போகிறதா? ஆட்டோபைலட்டைக் கழற்றும் முன் காம்பஸைப் பாருங்கள்

வேலூரில் உட்கார்ந்துகொண்டு படகு ஆட்டோபைலட் (காம்பஸ் காட்டும் திசையைப் பார்த்துச் சுக்கானைத் தானே திருப்பும் கருவி) பழுது பார்க்கிறேன் என்றால், "பாலாற்றிலேயே தண்ணீரைக் காணோம், படகுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்பார்கள். சென்னையில் பதினெட்டு வருடம் படகு எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பியவன் நான். பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் காம்பஸைக் கழற்றி பஸ் பார்சலில் போட்டு விடுகிறார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இங்கே பொறியியல் படிக்கிற பிள்ளைகள் ஏரியின் ஆழம் அளக்கும் ஆளில்லாப் படகு செய்து, கழிஞ்சூர் ஏரியில் விட்டுப் பார்த்துவிட்டு, அது சொன்ன பேச்சு கேட்காமல் போனால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னது நாற்பது அடிப் படகு, பின்னது இரண்டு பேர் தூக்கிவிடுகிற ஃபைபர் தொட்டி. வருகிற கோளாறு மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். பழி ஆட்டோபைலட் மேல் விழுகிறது, குற்றம் பெரும்பாலும் காம்பஸில் இருக்கிறது. அதிலும் காம்பஸ் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் கெட்டிருக்கும்.

முதலில் உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாகத் தப்பு செய்யும். மிகப் பழைய படகுகளில் ஊசியும் வட்டத்தட்டும் உள்ள சாதாரண காந்தக் காம்பஸின் அடியில் ஒரு சென்சார் ஒட்டியிருப்பார்கள். அதற்கு அடுத்து வந்தது ஃப்ளக்ஸ்கேட். அதில் சுழலும் ஊசி கிடையாது. ஒரு சின்ன வளையத்தில் சுற்றிய சுருளுக்கு மாறுமின்னோட்டம் கொடுத்து, பூமியின் காந்தப்புலம் அதில் உண்டாக்கும் மாற்றத்தைக் குறுக்கும் நெடுக்குமான இரண்டு சுருள்களால் அளப்பார்கள். வளையம் கிடைமட்டமாகவே நிற்க வேண்டும் என்பதால் அதை ஊசல்போலத் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது எண்ணெயில் மிதக்கவிட்டிருப்பார்கள். இப்போது விற்பவை பெரும்பாலும் சிப் வகை: காந்தப்புலத்தை அளக்க மூன்று அச்சு மேக்னெட்டோமீட்டர், சாய்வைச் சொல்ல ஒரு முடுக்கமானி, திரும்பும் வேகத்தைச் சொல்ல ஒரு ஜைரோ, மூன்றும் ஒரே டப்பாவில். மாணவர்கள் வாங்குகிற சின்னப் பலகையும் இதே குடும்பம்தான். இவை போக, காந்தத்தையே நம்பாத இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டோ மூன்றோ ஆன்டெனா வைத்து வானத்திலிருந்து திசை பிடிக்கும் ஜிபிஎஸ் காம்பஸ். மற்றொன்று பெரிய கப்பல்களின் ஜைரோ காம்பஸ்.

இங்கே ஒரு வார்த்தை. பெட்டியில் 'ஜைரோ' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதற்கு இரும்பு பற்றிக் கவலை இல்லை" என்று நம்பிப் பலர் வாங்கிவிடுகிறார்கள். சிப்பில் இருக்கும் ஜைரோ, படகு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மட்டுமே சொல்லும். வடக்கு எது என்பதை அது காந்தத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. வடக்கைத் தானே தேடிப் பிடிக்கிற ஜைரோ காம்பஸ் 1908 வாக்கில் ஜெர்மனியில் அன்ஷூட்ஸ் செய்து காட்டியது. அது வேறு சாதனம், அதன் விலையும் வேறு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

ஆட்டோபைலட்டை ஸ்டேண்ட்பையில் போடுங்கள், அதாவது அது சுக்கானைத் தொடாமல் சும்மா இருக்கட்டும். சுக்கானைக் கையால் பிடித்து நேரே ஓட்டிக்கொண்டே காம்பஸ் காட்டும் எண்ணை மட்டும் கவனியுங்கள். எண் நிதானமாக நின்று, நீங்கள் திருப்பும்போது கூடவே திரும்பி, கைக் காம்பஸோடும் ஒத்துப்போனால் காம்பஸ் நல்லது. கோளாறு ஆட்டோபைலட்டிலோ சுக்கானிலோ இருக்கிறது. கைக் காம்பஸை இரும்பு, இன்ஜின், உங்கள் கைக்கடிகாரம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, நின்றுகொண்டு பாருங்கள்.

பார்சலில் வரும் காம்பஸை நான் வீட்டுக்குள் சோதிப்பதே இல்லை. மொட்டை மாடியும் ஆகாது, தளம் முழுக்க முறுக்குக் கம்பி. பின்பக்கத் தோட்டத்தில் ஆணி அடிக்காத மர முக்காலி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே தரையில் ஒரு வடக்கு-தெற்குக் கோடு. தூக்குக்குண்டு தொங்கவிட்டு, உச்சி வேளையில் நூலின் நிழல் விழுந்த இடத்தில் சுண்ணாம்பால் போட்டது. வேலூருக்கு உச்சி வேளை சராசரியாக 12:13 மணி. மாதத்தைப் பொறுத்து அது கால் மணி வரை முன்பின் ஆகும், அதனால் பஞ்சாங்கத்தில் உதயமும் அஸ்தமனமும் பார்த்து நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் இந்த வேலை ஆகாது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், நிழலே விழாது. நான் ஒரு ஜனவரி மாதம் போட்ட கோடு அது. மழை வந்தால் மறுபடி சுண்ணாம்பு பூசுவேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவு பிழை

வடக்கே 8 டிகிரி கூட, கிழக்கே 8 கூட, தெற்கிலும் மேற்கிலும் அதே 8. இதுதான் எளிய கோளாறு. காம்பஸ் டப்பாவின் அம்புக்குறி படகின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, நேராக இல்லை, அவ்வளவுதான். டப்பாவைத் திருப்பி வையுங்கள், அல்லது ஆட்டோபைலட் மெனுவில் அலைன்மென்ட் என்று இருக்கும் இடத்தில் அந்த எட்டைக் கழித்துவிடுங்கள்.

சிலர் இதை உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். நம் பக்கத்தில் அந்த வித்தியாசம் மேற்கே 2 டிகிரிகூடக் கிடையாது. வேறு நாட்டுக் கடலில் அது 15, 20 என்று போகலாம், வங்கக் கடலில் போகாது. ஆகவே 8 டிகிரி தப்பு வந்தால் அந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: பழைய முதலாளி வெளிநாட்டில் ஓட்டிய படகை வாங்கியிருந்தால், அந்த ஊர் அளவு மெனுவில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒரு திசையில் சரி, எதிர்த் திசையில் தப்பு

என்னிடம் வருவதில் அதிகமானவை இவைதான். வடக்கிலும் தெற்கிலும் சரியாகக் காட்டும், கிழக்கே போனால் 12 கூட்டும், மேற்கே போனால் 12 குறைக்கும். வட்டத்தில் ஒரு இடத்தில் ஏற்றம், நேர் எதிரில் இறக்கம் என்று இருந்தால், பக்கத்தில் நிரந்தரக் காந்தம் ஏதோ இருக்கிறது: ஸ்பீக்கர், காந்தப் பிடிப்பு வைத்த அலமாரிக் கதவு, காந்தமேறிய ஸ்க்ரூடிரைவர். ஒரு சுற்றில் இரண்டு ஏற்றம் இரண்டு இறக்கம் என்று வந்தால், தானே காந்தமாக இல்லாவிட்டாலும் பூமியின் புலத்தை வளைக்கிற சாதா இரும்பு அருகில் இருக்கிறது: இன்ஜின், டேங்க், நங்கூரச் சங்கிலி.

கேலிப்ரேஷன், அதாவது சுற்றியுள்ள இரும்பால் வரும் பிழையைக் காம்பஸே கற்றுக்கொண்டு திருத்திக்கொள்வது, இதற்காகத்தான் இருக்கிறது. அலை இல்லாத இடத்தில், ஒரு வட்டத்துக்கு 2 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாகவும் ஒரே சீராகவும் இரண்டு மூன்று வட்டம் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஃப்ளக்ஸ்கேட்டின் ஊசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், தப்பான பாடத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும். முடிந்ததும் சில கருவிகள் எவ்வளவு டிகிரி திருத்தினோம் என்று காட்டும். அது 15-க்கு மேல் இருந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். திருத்தியாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் வேறு இடம் தேடுங்கள்.

கேலிப்ரேஷனால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. படகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் இரும்பை மட்டுமே அதனால் கணக்கில் எடுக்க முடியும். ஒரு மீன்பிடிப் படகுக்காரர் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வந்ததும் போன் செய்வார். "அண்ணே, போன வாரம் சரியா இருந்துச்சு, இந்த வாரம் இழுக்குது." மூன்று தடவை கேலிப்ரேஷன் செய்தாயிற்று. கடைசியில் நேரில் போய்ப் பார்த்தேன். காம்பஸ் பொருத்தியிருந்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் சமையல் இடம். கேஸ் சிலிண்டரை ஒரு பயணத்தில் இடது மூலையில் வைப்பார்கள், அடுத்த பயணத்தில் வலது மூலையில். காம்பஸிலிருந்து இரண்டு அடிகூட இல்லை. அதை நகர்த்திக்கொண்டே இருந்தால் எந்தக் கேலிப்ரேஷன் நிற்கும்? தடுப்புச் சுவரின் இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இடம் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். காந்தப்புலத்துக்குப் பலகையும் ஃபைபரும் ஒரு தடையே இல்லை.

மாணவர்கள் படகில் இதைவிடக் கஷ்டமான ஒன்று வந்தது. ஏரியில் விட்டால் கோணலாகப் போகும். கரைக்கு இழுத்து வந்து பெட்டியைத் திறந்து லேப்டாப்பில் பார்த்தால் திசை மிகச் சரியாக இருக்கும். திரும்ப விட்டால் திரும்பக் கோணல். இரண்டு வாரம் நிரலைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பாவம், நிரலில் ஒரு குற்றமும் இல்லை. நான் லேப்டாப்பை அவர்கள் கையில் கொடுத்து, "எண்ணை மட்டும் வாசித்துக்கொண்டே இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் மூடியைக் கையில் எடுத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். 92 என்றான். 94. ஒரு சாண் உயரத்துக்கு வந்ததும் 101. மூடி படியும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அவன் 131 என்றான். தண்ணீர் புகாமல் மூடி இறுக்கமாக நிற்க நான்கு மூலையிலும் பட்டன் அளவு காந்தம் பதித்திருந்தார்கள். அதில் ஒன்று சிப்புக்கு நேர் மேலே. சோதிக்க மூடியைத் திறந்ததுமே கோளாறும் எழுந்து போய்விடும், எப்படிக் கண்ணில் படும்? பித்தளைத் தாழ்ப்பாள் போட்டோம், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் எந்தப் படகையும், கடலில் போகும்போது எப்படி இருக்குமோ அப்படி எல்லாவற்றையும் மூடி, எல்லாச் சாமானையும் ஏற்றித்தான் சோதிக்கிறேன்.

சிப் வகையை லேப் மேஜையில், பீரோ பக்கத்தில் வைத்துக் கேலிப்ரேஷன் செய்துவிட்டுப் பிறகு படகில் ஒட்டுவதும் இதே தப்புதான். படகில் பொருத்தி, பேட்டரி வைத்து, திறந்த வெளியில் இரண்டு பேர் படகையே தூக்கி எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றுங்கள். காட்பாடி ரயில் பாதை ஓரம் வேண்டாம். தண்டவாளம் அத்தனையும் இரும்பு.

எவர்சில்வர் திருகுக்கு நிச்சயம் காந்தம் பிடிக்காது என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. வளைத்து முறுக்கிய எவர்சில்வர் கொஞ்சம் பிடிக்கும். பொருத்தும் முன் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், இல்லையென்றால் பித்தளையே போடுங்கள். இரும்பு உடல் கொண்ட படகாக இருந்தால், உள்ளே எங்கே வைத்தாலும் காந்தக் காம்பஸ் சரிப்படாது. கம்பத்தில் உயரமாக வையுங்கள், அல்லது ஜிபிஎஸ் காம்பஸுக்குப் போய்விடுங்கள்.

ஏதோ ஒன்றை ஆன் செய்தால் திசை தாவுகிறது

பம்பு ஓடும்போது, விளக்கு போடும்போது, வயர்லெஸில் பேசும்போது எண் சட்டென்று நகர்ந்து, நிறுத்தினால் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் காம்பஸ் அருகில் மின்சார வயர் போகிறது. இதைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 20 ஆம்பியர் ஓடும் ஒற்றை வயர், 10 சென்டிமீட்டர் தூரத்தில் உண்டாக்கும் புலமும் அதே 40. பூமி ஒரு பக்கம் இழுக்க, உங்கள் பம்பு வயர் அதே பலத்தோடு இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஒரு மீட்டர் தள்ளினால் 4 ஆகக் குறையும். அதற்கே 5, 6 டிகிரி வரை தப்பு வரலாம்.

வயரை வெட்டி வேறு வழியில் இழுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்து, பூ தொடுக்கிற நார் மாதிரி நெருக்கமாக முறுக்கிவிடுங்கள். ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். மாணவர்கள் படகில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போன சிவப்பு வயர் பெட்டியின் ஒரு ஓரமாகவும், கருப்பு வயர் எதிர் ஓரமாகவும் போயிருந்தன. பார்க்க அழகான வயரிங், காம்பஸைச் சுற்றி ஒரு முழு வளையம். மோட்டாரை முழு வேகத்தில் வைத்தால் 14 டிகிரி தாவியது. முறுக்கியதும் 2 ஆகிவிட்டது.

ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள். ஆட்டோபைலட்டின் சொந்த மோட்டாரையும் விட்டுவிடாதீர்கள். சுக்கானைத் திருப்ப மோட்டார் ஓடும், ஓடினால் திசை தாவும், தாவினால் மறுபடி சுக்கான் திரும்பும். இந்தச் சுழலில் மாட்டிய படகைப் பார்த்தால், பைலட் முழுக்கக் கெட்டுப்போன மாதிரியே இருக்கும்.

படகு சாய்ந்தால் திசை மாறுகிறது, வடக்கே போகும்போது தடுமாறுகிறது

வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்குப் பல பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். நம்மவர்கள் அதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் விலை உயர்ந்த காம்பஸ் வாங்கத் தயாராகிவிடுகிறார்கள். பொறுங்கள். பூமியின் காந்தக் கோடுகள் வடக்கே போகப் போக தரைக்குள் செங்குத்தாக இறங்கும். இங்கிலாந்துப் பக்கம் அவை 65 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கிப் பாயும். சாய்வைத் திருத்தாத சென்சார் அங்கே வடக்கு நோக்கிப் போகும்போது படகு 10 டிகிரி சாய்ந்தாலே, திசையில் சுமார் 20 டிகிரி தப்பு வந்துவிடும். நம் கதை அப்படி இல்லை. காந்தக் கோடுகள் தரைக்குக் கிடைமட்டமாகப் போகும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கத்தில்தான் போகிறது. வேலூர், சென்னை அளவில் காந்தக் கோட்டின் இறக்கம் 10 டிகிரிக்குப் பக்கம். அதே 10 டிகிரி சாய்வுக்கு இங்கே வரும் தப்பு 2 டிகிரி கூட இல்லை.

அதனால் வங்கக் கடலில் ஓடும் படகு வடக்கே போகும்போது தத்தளித்தால், அட்சரேகை மேல் பழி போடாதீர்கள். ஃப்ளக்ஸ்கேட்டாக இருந்தால் டப்பாவைக் கழற்றி, காதோரம் வைத்து மெல்லச் சாயுங்கள். உள்ளே ஊசல் தடங்கல் இல்லாமல் ஆட வேண்டும். எங்காவது முட்டி நின்றால் தாங்கி தேய்ந்திருக்கிறது. ஒரு தடவை திறந்து பார்த்தபோது, எண்ணெய் கசிந்து கால் பங்குதான் மிச்சம் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு வளையம், அதைச் சுற்றி தலைமுடி மாதிரி செம்புக் கம்பி, அது மிதக்க எண்ணெய் போதாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து டப்பாவின் சுவரில் ஒட்டிக் கிடந்தது. சிப் வகையில், டப்பாவை நேர்மட்டமாக வைக்காமல் சாய்வை மெனுவில் பூஜ்யம் ஆக்கியிருப்பார்கள். படகைச் சம நிலையில் நிறுத்தி அதை மறுபடி செய்யுங்கள்.

பாம்பு மாதிரி நெளிகிறது

முதலில் சொன்ன ஸ்டேண்ட்பை சோதனையில் காம்பஸ் நிதானமாக இருந்தால், சுக்கான் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா, ஹைட்ராலிக் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பைலட்டின் கெயினை, அதாவது திசை விலகினால் சுக்கானை எவ்வளவு திருப்புகிறது என்ற அளவை, ஒரு படி குறையுங்கள். காம்பஸே தாமதமாகத் திரும்பினால் டேம்பிங், அதாவது எண்ணின் ஆட்டத்தை அடக்கும் அமைப்பு, அதிகம் வைத்திருப்பார்கள். எண் ஆடுகிறதே என்று டேம்பிங்கைக் கூட்டினால், எண் அமைதியாகும், படகு இன்னும் நெளியும். பைலட் எப்போதும் பழைய திசையைப் பார்த்து ஓட்டுகிறது என்று அர்த்தம். படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் பழைய என்எம்இஏ 0183 வயரில் நொடிக்கு 4800 பிட் வேகத்தில், வேறு கருவிகளின் தகவலோடு சேர்ந்து திசையும் வந்தாலும் இதே தாமதம் வரும். நொடிக்குப் பத்து முறை திசை வந்தால் நல்ல பைலட் நிம்மதியாக ஓட்டும். திசைக்கு 38400 வேகத்தில் தனி வயர் கொடுங்கள்.

ஓடும்போது நேராகப் போகிறது, வேகம் குறைந்தால் சுற்றுகிறது

சாதா ஜிபிஎஸ்ஸின் போக்கை யாரோ திசையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றை ஆன்டெனா ஜிபிஎஸ், படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லாது. படகு நின்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினாலும் அப்படித்தான். மெனுவில் திசைக்கு எது மூலம் என்று பாருங்கள், ஜிபிஎஸ்ஸுக்குப் பதிலாகக் காம்பஸைத் தேர்ந்தெடுங்கள்.

திசையே வரவில்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

ஜிபிஎஸ் காம்பஸ் என்றால் வானத்தைப் பாருங்கள். கம்பம், கூரை, பாலம் எது மறைத்தாலும் திசை அறுந்துபோகும். அப்படி அறும் நேரத்துக்காக ஒரு சின்னக் காந்தக் காம்பஸைக் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஜைரோ காம்பஸ் என்றால் ஆன் செய்து சில மணி நேரம் விடுங்கள். அது வடக்கைப் பிடித்து நிலைகொள்ள அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் 'ரிப்பேர்' என்று முடிவு கட்டி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

மற்றபடி வயர்தான். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். சுரண்டிச் சரியாக்க முயலாதீர்கள், உப்பு வயருக்குள்ளேயே ஏறியிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லையென்றால் பழுது பார்ப்பவருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது டப்பா நிமிர்ந்து நிற்கும்படி பஞ்சு வைத்துக் கட்டுங்கள், அதே அட்டைப்பெட்டியில் ஸ்பீக்கரையோ மோட்டாரையோ சேர்த்துப் போடாதீர்கள். கூட ஒரு தாளில், வடக்கில் தொடங்கி எட்டுத் திசையிலும் கைக் காம்பஸ் என்ன காட்டியது, இது என்ன காட்டியது என்று பதினாறு எண்கள் எழுதி வையுங்கள். காம்பஸ் இருந்த இடத்தைச் சுற்றி, தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்பட, மூன்று அடிக்குள் என்னென்ன இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தத் தாளைப் படித்து முடித்ததும், டப்பாவைத் திறக்காமலே நான் திருப்பி அனுப்பிய காம்பஸ்கள் நிறைய.